ஜீன்ல இருக்குதுங்களா? ஜீன்லயே கை வைக்குதுங்க!

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோவமான பதிவும் கூட. நடுவுல பயாலஜி வரும். எழுதறவன் பன்னெண்டாங் கிளாஸ்ல பயாலஜி பக்கமே தலை வச்சு படுக்காம, கம்ப்யூட்டர் எடுத்து, இஞ்சினியரிங் முடிச்சு, பெங்களூர்ல பொட்டி தட்டிட்டு இருக்கறவன். அதனால எனக்கே புரியற மாதிரிதான் எழுதியிருக்கேன். பயப்படாம படிங்க :-)

போன மாசம் ஊருக்கு போயிருந்தேன். ஊருன்னா தாராபுரம். எங்க மாமா பையனுக்கு (அம்மாவோட தம்பி மகன், என்னைவிட ரெண்டு வயசு சின்னவன்) பொண்ணு பாத்துட்டு இருந்தாங்க. பையன் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசர். பீடி, சிகரெட், சரக்கு எதுவும் கிடையாது. டீ கூட சக்கரை கம்மியா கேக்கற டைப். ஜாதகம் பொருந்தியாச்சு, ரெண்டு பக்கமும் பேசியாச்சு, பொண்ணுக்கும் புடிச்சிருச்சு. கடைசியில தரகர் வந்து திண்ணையில உக்காந்து தொண்டைய செருமினாரு.

"பையன் தங்கமுங்க. அதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாதுங்க. ஆனா அப்பன், பாட்டன் ரெண்டு பேருமே குடிச்சே போனவங்களாமுல்ல. குடிகார ரத்தமுங்க. அதெல்லாம் ஜீன்லயே இருக்குமாமா. பொண்ணு ஊட்டுல யோசிக்கறாங்க."

யோசிக்கறாங்கன்னா எங்க ஊர்ல வேண்டாம்னு அர்த்தம்.

அன்னிக்கு ராத்திரி ஆளைக் காணோம். போன் பண்ணா எடுக்கல. வண்டிய எடுத்துட்டு தேடினா, அமராவதி ஆத்துப் பாலத்துக்கு பக்கத்துல உக்காந்திருக்கான். கையில பீர் பாட்டில். வாழ்க்கையில மொதல் தடவை. என்னைப் பாத்து சிரிச்சான். அந்த சிரிப்பு இன்னும் கண்ணுலயே நிக்குது.

"மச்சா, எப்படியும் ஜீன்ல இருக்குதாமுல்ல. குடிச்சா என்ன, குடிக்காட்டி என்ன?"

அவன் கையில இருந்த பாட்டிலை வாங்கி கீழ ஊத்தினேன். ஆனா அந்த கேள்விக்கு அப்ப எங்கிட்ட பதில் இல்ல. இந்த பதிவுதான் அந்த பதில். லேட்டா வந்தாலும் முழுசா வரட்டும்னு உக்காந்து படிச்சு எழுதறேன்.

எங்க மாமாவைப் பத்தி சொல்லணும். திருப்பூர்ல கட்டிங் மாஸ்டர். காலையில கம்பெனி வேன்ல போனா ராத்திரிதான் வருவாரு. தொழில்ல கில்லாடி. துணிய லே போட்டு, மேல பேட்டர்ன் அட்டைய வச்சு கோடு போட்டு, மிஷினை ஓட்டினாருன்னா ஒரு நூல் அளவு பிசகாது. சனிக்கிழமை சம்பளம். அதனால சனிக்கிழமை ராத்திரி கொஞ்சம். அப்புறம் சனி, ஞாயிறு. அப்புறம் டெய்லி. "பகல்ல துணியில கட்டிங், ராத்திரி கடையில கட்டிங்"னு அவரே ஜோக் அடிப்பாரு. நாங்களும் சிரிச்சிருக்கோம். இப்ப நெனச்சா வெக்கமா இருக்குது.

யாராவது நிறுத்தச் சொன்னா ஒரே பதில்தான். "எங்கப்பன் குடிச்சாரு, நானும் குடிக்கறேன். ரத்தத்துலயே இருக்குது மாப்ள, நானென்ன பண்றது?"

கவனிச்சீங்களா? அப்பா சொன்ன சாக்குதான் பையனுக்கு தீர்ப்பா வந்திருக்குது. ஒரே வாக்கியம். குடிக்கறவனுக்கு சால்ஜாப்பு, குடிக்காதவனுக்கு தண்டனை. என் கோவமெல்லாம் அந்த வாக்கியத்து மேலதான்.

மாமா அம்பத்திரண்டு வயசுல போனாரு. உணவுக்குழாய்ல கேன்சர். மொதல்ல சோறு எறங்கல, அப்புறம் கஞ்சி எறங்கல, கடைசியில தண்ணியும் எறங்கல. வெத்தலை, பாக்கு, புகையிலை எதுவும் போடாத மனுஷன். சாராயத்துக்கும் கேன்சருக்கும் என்ன சம்பந்தம்னு எங்க வீட்டுல யாருக்குமே தெரியாது. "குடிச்சா ஈரல் கெட்டுப்போகும்"னுதான் தெரியும். ஸ்கேன்ல ஈரல் பெருசா பாதிக்கல, அப்புறம் எப்படி இதுன்னு அத்தை கேட்டாங்க. கூட நின்ன எனக்கும் தெரியல. படிச்சவன்னு பேரு வேற!

சரி, விஷயத்துக்கு வருவோம்.

மாமாவோட தொழிலை வச்சே சொல்றேன். நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு பேட்டர்ன் அட்டை இருக்குது. அதுதான் டி.என்.ஏ. ஒரு செட்டுக்கு சுமார் 300 கோடி எழுத்து. அப்பாகிட்ட இருந்து ஒரு செட்டு, அம்மாகிட்ட இருந்து ஒரு செட்டு. பழைய செல் போயி புதுசு வரும்போதெல்லாம் இந்த அட்டைய பாத்துதான் வெட்டணும். துணி பாழானா ஒரு பீஸ் போச்சு. அட்டையே கிழிஞ்சா? அதுக்கப்புறம் வெட்டற எல்லா பீஸும் தப்பாத்தான் வரும்.

குடிக்கும்போது என்ன நடக்குது? சாராயத்துல இருக்கற எத்தனாலை ஈரல் ரெண்டு ஸ்டெப்புல உடைக்குது. மொதல் ஸ்டெப்புல அது அசிட்டால்டிஹைடா மாறும். ரெண்டாவது ஸ்டெப்புல ஏ.எல்.டி.ஹெச்.2 னு ஒரு என்சைம் அதை அசிட்டேட்டா மாத்தும். அசிட்டேட் சாது, ஆபத்தில்ல. நடுவுல வர்றானே அசிட்டால்டிஹைடு, அவன்தான் வில்லன். அவன் டி.என்.ஏ. மேல போயி ஒட்டுவான். டி.என்.ஏ.ங்கறது முறுக்கின ரெண்டு இழை. அந்த ரெண்டு இழையவும் சேத்து வச்சு ஸ்டேப்ளர் அடிச்ச மாதிரி பூட்டிடுவான். காப்பி எடுக்கணும்னா ரெண்டு இழையும் பிரியணும். பூட்டியிருந்தா எப்படி பிரியும்? இழுக்கற இழுப்புல அறுந்துபோகும். ஒரு இழை அறுந்தா இன்னொன்னைப் பாத்து சரி பண்ணிக்கலாம். ரெண்டும் ஒரே இடத்துல அறுந்தா ஒட்டுப் போடறப்ப எழுத்து மாறும், துண்டு தொலையும், ஒரு துண்டு வேற எடத்துல போயி ஒட்டிக்கும்.

இதெல்லாம் நான் விடற ரீல் இல்ல. இங்கிலாந்து கேம்பிரிட்ஜ்ல எம்.ஆர்.சி. மூலக்கூறு உயிரியல் ஆய்வகம்னு ஒண்ணு இருக்குது. டி.என்.ஏ.வோட முறுக்கு வடிவத்தை 1953ல கண்டுபிடிச்ச வாட்சனும் கிரிக்கும் வேலை பாத்த ஆராய்ச்சிக் குழுதான் பின்னாடி இந்த ஆய்வகமா வளந்துச்சு. அங்க கேத்தன் பட்டேல்னு ஒரு விஞ்ஞானியோட குழு, எலிகளுக்கு எத்தனால் குடுத்து, ரத்தத்தை உற்பத்தி பண்ற ஸ்டெம் செல்லை எடுத்து, அதோட டி.என்.ஏ.வை எழுத்து எழுத்தா படிச்சாங்க. 2018 ஜனவரியில நேச்சர் இதழ்ல வந்துச்சு. குரோமோசோம் ஒடைஞ்சிருந்துச்சு. துண்டுகள் இடம் மாறியிருந்துச்சு. அந்த ஏ.எல்.டி.ஹெச்.2 என்சைம் இல்லாத எலிகள்ல, இருக்கற எலிகளைவிட நாலு மடங்கு சேதம். ஸ்டெம் செல்லுன்னா சாதாரண செல் இல்லைங்க, மாஸ்டர் காப்பி. எங்க ஆபீஸ் பாஷையில சொன்னா, யாரோ மெயின் பிராஞ்சுல நேரா கை வச்சிருக்காங்க. அதுல இருந்து எடுக்கற எல்லாத்துலயும் பிழை வரும்.

"எலிதானே?"ன்னு கேப்பீங்க. மனுஷங்ககிட்டயும் இயற்கையே ஒரு சோதனை வச்சிருக்குது. சீனா, ஜப்பான், கொரியா பக்கம் நெறைய பேருக்கு அந்த ரெண்டாவது ஸ்டெப் என்சைம் பிறவியிலயே சரியா வேலை செய்யாது. உலகம் பூரா சுமார் 54 கோடி பேர்னு கணக்கு. ஒரு கிளாஸ் குடிச்சா மூஞ்சி செக்கச்செவேல்னு ஆயிடும். அசிட்டால்டிஹைடு போக வழியில்லாம தேங்கறதோட அடையாளம்தான் அது. அவங்கள்ல குடிக்கறவங்களுக்கு உணவுக்குழாய் கேன்சர் வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட பல மடங்கு ஜாஸ்தி. ஆனா அதே குறை இருந்தும் குடிக்காதவங்களுக்கு அந்த ஆபத்து கூடல. இதைவிட தெளிவா யாரு சொல்லணும்?

நம்ம பக்கம் அந்த குறை அபூர்வம். அதனால "நமக்கில்ல"ன்னு சந்தோஷப்படாதீங்க. என்சைம் நல்லா இருந்தாலும் அதுக்கு ஒரு ஸ்பீடு உண்டு. அதுக்கு மேல ஊத்தினா நல்ல என்சைமும் திணறும். அதுவும் போக, எத்தனால் ஈரல்ல மட்டும் உடையறதில்ல. வாயில இருக்கற பாக்டீரியாவே அதை அசிட்டால்டிஹைடா மாத்தும். எச்சில்ல கலந்து தொண்டை, உணவுக்குழாய் வழியா எறங்கும். ஈரல் நல்லா இருந்தும் மாமாவுக்கு உணவுக்குழாய்ல எப்படி வந்துச்சுன்னு அத்தை கேட்டாங்களே, அதுக்கு பதில் இங்க இருக்குது. அஞ்சு வருஷம் லேட்டா கெடச்ச பதில்.

உடம்புல இதையெல்லாம் சரி பண்ண ஆள் இல்லையான்னா, இருக்காங்க. செக்கிங் செக்‌ஷன் மாதிரி ரிப்பேர் புரோட்டீன்கள் ராப்பகலா வேலை பாக்குது. அந்த பூட்டை ஒடைக்க செல்லுக்குள்ள ரெண்டு தனித்தனி வழி இருக்குதுன்னு 2020ல அதே பட்டேல் குழுவும் நெதர்லாந்து குழு ஒண்ணும் சேந்து கண்டுபிடிச்சாங்க. சாதாரண நாள்லயே ஒரு செல்லுல ஆயிரக்கணக்கான சின்ன சின்ன சேதம் வந்து சரியாகுது. ஆனா ஷிப்மெண்ட் நேரத்துல ரெண்டு மடங்கு பீஸ் வந்து விழுந்தா செக்கிங்ல என்ன ஆகும்? நாலு ஓட்டை பீஸ் தப்பிச்சு பெட்டிக்குள்ள போயிடும். டெய்லி ஷிப்மெண்ட்னா? இருவது வருஷம் டெய்லி ஷிப்மெண்ட்னா? தப்பிச்சுப் போன ஒரே ஒரு பீஸ், அடங்காம வளர்ற செல்லா இருந்தா, அதுக்கு பேருதான் கேன்சர்.

"அதெல்லாம் மொடாக்குடிகாரனுக்கு. நான் எப்பவாவது ஒரே ஒரு குவார்ட்டர்தான்"னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு. கணக்கு நம்ம ஏரியா :-)

குவார்ட்டர் 180 மி.லி. பாட்டில்ல போட்டிருக்கற அளவு 42.8 சதவீதம். 180ல 42.8 சதவீதம்னா 77 மி.லி. சுத்தமான எத்தனால். எடையா மாத்தினா சுமார் 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் "ஒரே மூச்சுல அதிகமா குடிக்கறது"ன்னு எதை சொல்லுது தெரியுமா? ஒரே தடவையில 60 கிராமோ அதுக்கு மேலயோ. அதாவது நம்மூர்ல "லைட்டா ஒரு குவார்ட்டர்"னு சொல்றது, உலகத்துக்கே மொடாக்குடி. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டில் ஒண்ணுல 41 கிராம் இருக்குது. பீரு தண்ணி மாதிரின்னு சொல்ற தம்பிகளும் கேட்டுக்குங்க.

ஈரல் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 7ல இருந்து 10 கிராம்தான் உடைக்கும். ராத்திரி ஒம்பது மணிக்கு ஒரு குவார்ட்டர் அடிச்சா, விடிய விடிய அந்த வேலைதான் நடக்கும். நீங்க தூங்கறீங்க, வில்லன் தூங்கல.

இனி வழக்கமான வாதங்கள். எல்லாம் எங்க ஊர் டீக்கடையிலயும் ஆபீஸ் கேன்டீன்லயும் நானே கேட்டதுதான்.

வாதம் 1: "அவனுக்கு கெப்பாசிட்டி ஜாஸ்தி. எவ்வளவு குடிச்சாலும் ஸ்டெடியா இருப்பான்."

அது பலம் இல்லைங்க. மூளை பழகிடுச்சு, அவ்வளவுதான். தொடர்ந்து நெறைய குடிக்கறவங்க ஈரல்ல எத்தனாலை உடைக்க இன்னொரு என்சைமும் சேந்து முடுக்கி விடப்படும். அது வேலை செய்யும்போது பக்கத்துல இருக்கறதையெல்லாம் அரிக்கற ஆக்சிஜன் துணுக்குகளையும் கக்கும். அதுவும் டி.என்.ஏ.வைத்தான் அரிக்கும். அதனால கெப்பாசிட்டி ஏற ஏற சேதமும் ஏறுது. பெருமையா சொல்லிக்க இதுல ஒண்ணும் இல்ல.

வாதம் 2: "டாஸ்மாக் சரக்கு மட்டம். அதான் பிரச்சனை. ஃபாரின் சரக்குன்னா ஒண்ணும் ஆகாது."

பன்னாட்டு புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988லயே மதுவை முதல் பிரிவுல வச்சாச்சு. முதல் பிரிவுன்னா "மனுஷனுக்கு கேன்சர் வரவைக்கும், சந்தேகமே இல்ல"ங்கற பிரிவு. புகையிலையும் ஆஸ்பெஸ்டாசும் அதே பிரிவுதான். ஆயிரம் ரூபா பாட்டிலா, பத்தாயிரம் ரூபா பாட்டிலான்னு அங்க பாக்கல. எத்தனால்தான் காரணம். ஸ்காட்லாந்துல இருந்து வந்தாலும் எத்தனால் எத்தனால்தான்.

வாதம் 3: "கள்ளு உடம்புக்கு நல்லது. இயற்கையானது."

எங்க பக்கம் இதை தொட்டா அடி விழும், தெரியும். 1987ல இருந்து தடையில இருக்கற கள்ளை திறந்து விடணும்னு கேக்கற தென்னை விவசாயிகளோட நியாயம் தனி. சீமைச் சாராயத்தை அரசாங்கமே விக்கலாம், நான் என் மரத்துல எறக்கக் கூடாதான்னு அவங்க கேக்கறது நல்ல கேள்வி. அதை அந்த அளவுல பேசலாம். ஆனா "கள்ளு மருந்து"ன்னு சொல்றது வேற விஷயம். புளிச்ச கள்ளுல இருக்கறதும் எத்தனால்தான். இயற்கையா இருந்தா விஷம் இல்லன்னு யாரு சொன்னது? அரளி விதையும் இயற்கைதான்.

வாதம் 4: "அளவா குடிச்சா இதயத்துக்கு நல்லதுன்னு ஆராய்ச்சி சொல்லுது."

சொல்லுச்சு, ஒரு காலத்துல. அந்த பழைய ஆய்வுகள் பலதுல "குடிக்காதவங்க" லிஸ்டுல, உடம்பு கெட்டுப்போயி குடிய விட்டவங்களையும் சேத்திருந்தாங்க. அவங்களோட ஒப்பிட்டா அளவா குடிக்கறவன் ஆரோக்கியமாத்தான் தெரிவான். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில நேரடியாவே சொல்லிடுச்சு: பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாது. லான்செட் ஆன்காலஜியில 2021ல வந்த கணக்குப்படி, 2020ஆம் வருஷம் மட்டும் உலகத்துல மதுவால வந்த புது கேன்சர் சுமார் 7,41,000. இந்தியாவுல மட்டும் சுமார் 62,000.

வாதம் 5: "எங்க தாத்தா தெனமும் குடிச்சு தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தாரு."

சந்தோஷம். அந்த தாத்தா கூட உக்காந்து குடிச்ச மத்த தாத்தாக்கள் எங்கன்னு கேட்டீங்களா? சுவத்துல மாலை போட்ட போட்டோவெல்லாம் வாட்ஸப்புல ஃபார்வர்டு ஆகறதில்ல.

வாதம் 6, நம்ம மெயின் வில்லன்: "குடி ஜீன்லயே இருக்குது."

நேர்மையா பேசுவோம். இதுல பாதி உண்மை இருக்குது. பாதி உண்மைதான் முழுப் பொய்யைவிட மோசம். இரட்டைப் பிறவிகளை வச்சு பண்ணின ஆய்வுகள்ல, குடிநோய்க்கு ஆளாகற வாய்ப்புல சுமார் பாதிக்கு பரம்பரை காரணம்னு தெரியுது. மீதி பாதி வீடு, ஊரு, சேர்க்கை, சம்பளம், கடை எவ்வளவு பக்கத்துல இருக்குதுங்கறது. அந்த பரம்பரை பாதியும் ஒரே ஒரு "குடிகார ஜீன்" கிடையாது. நூத்துக்கணக்கான எடங்கள்ல இருக்கற சின்னச் சின்ன வித்தியாசங்களோட கூட்டுத்தொகை. அப்பா குடிச்சா பையன் குடிச்சே ஆகணும்னு எந்த ஜீன்லயும் எழுதல.

இன்னொரு வேடிக்கை பாருங்க. குடி சம்பந்தமா கண்டுபிடிச்ச ஜீன்கள்லயே ரொம்ப வலுவானது எது தெரியுமா? மேல சொன்ன மூஞ்சி செவக்கற ஜீன். அது குடிக்க வைக்கற ஜீன் இல்ல, குடிக்க விடாம தடுக்கற ஜீன்!

இப்ப முக்கியமான விஷயம். எங்க மாமாவோட உணவுக்குழாய் செல்லுல நடந்த சேதம் எங்க மச்சானுக்கு வராது. வரவே வராது. அப்பாகிட்ட இருந்து பையனுக்கு போறது விந்தணுவுல இருக்கற அட்டை மட்டும்தான். அப்பாவோட தொண்டையில கிழிஞ்ச அட்டை அப்பாவோடயே போச்சு. "குடிகார ரத்தம்"னு ஒண்ணு உலகத்துல கிடையாது.

அதுக்காக புள்ளைங்களுக்கு பாதிப்பே இல்லைன்னும் சொல்ல வரல. கர்ப்பமா இருக்கறப்ப அம்மா குடிச்சா அது நேரா நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்கு போயி மூளை வளர்ச்சியையே பாதிக்கும். 1973ல அமெரிக்காவுல சியாட்டில் டாக்டர்கள் இதுக்கு பேரே வச்சுட்டாங்க. அப்பாக்களும் தப்பிக்க முடியாது. மொடாக்குடி விந்தணுக்களோட எண்ணிக்கையையும் தரத்தையும் குறைக்கும். குழந்தை இல்லன்னு பொண்டாட்டிய மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா கூட்டிட்டு அலையற ஆளுங்க, ராத்திரி தன் கையில இருக்கற கிளாஸையும் ஒரு தடவை பாக்கணும்.

ஆக, அம்புக்குறிய திருப்பிப் போடுங்க சாமிகளா. ஜீன் கெட்டதால குடிக்கல. குடிக்கறதால ஜீன் கெடுது.

அடுத்த கோவம், பாட்டில் மேல. 2003 நவம்பர்ல அரசாங்கமே சில்லறை சாராயக் கடைய எடுத்து நடத்த ஆரம்பிச்சப்ப நான் ஒண்ணாங் கிளாஸ். 2003-04ல சுமார் 3,600 கோடி ரூபா வருமானம். 2024-25ல 48,344 கோடி. ஆட்சி மாறிச்சு, கொடி மாறிச்சு, இந்த கிராஃப் மட்டும் மாறல. பாட்டில்ல என்ன எழுதியிருக்குது? உடல்நலத்துக்கு தீங்கு, குடிச்சுட்டு வண்டி ஓட்டாதீங்க. 2018ல உணவு பாதுகாப்பு ஆணையம் போட்ட விதியும் அவ்வளவுதான் கேக்குது. கேன்சர்ங்கற வார்த்தையே இல்ல.

சிகரெட் அட்டையப் பாருங்க. 2016 ஏப்ரல்ல இருந்து 85 சதவீத இடத்துல பயமுறுத்தற படம். ரெண்டும் ஒரே முதல் பிரிவு. ஒண்ணுக்கு படம், இன்னொண்ணுக்கு பொத்தாம்பொதுவா ஒரு வரி. ஏன்னா ரெண்டாவதோட கல்லாவுல உக்காந்திருக்கறது யாருன்னு நமக்கே தெரியும். அயர்லாந்துல 2023ல பாட்டில் மேல கேன்சர்னு போடணும்னு விதியே கொண்டு வந்தாங்க. அமல்படுத்தறதை 2028க்கு தள்ளி வச்சுட்டாங்கங்கறது வேற கதை. அமெரிக்காவுல 2025 ஜனவரியில தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி, பாட்டில்ல கேன்சர் எச்சரிக்கை வேணும்னு அறிக்கையே விட்டாரு.

2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க. நாடே பதறிச்சு. பதறணும். ஆனா அது ஒரே வாரத்துல கொல்றது. இது இருவது வருஷம் எடுத்துக்கிட்டு, ஒவ்வொரு வீட்டுலயும் தனித்தனியா கொல்றது. இதுக்கு பிரேக்கிங் நியூஸ் கிடையாது. "கேன்சர் வந்து போயிட்டாரு, பாவம்"னு ஒரு வரியில முடிஞ்சிடும். மாமா சாவுக்கு வந்தவங்கள்ல பாதிப்பேர், சுடுகாட்டுல இருந்து நேரா கடைக்குத்தான் போனாங்க.

மதுவிலக்கு கேக்கறியான்னு கேக்காதீங்க. 1937ல சேலத்துல ராஜாஜி ஆரம்பிச்சதுல இருந்து நாம போட்டதும் எடுத்ததும் எத்தனை தடவைன்னு எனக்கும் தெரியும். அது வேற பஞ்சாயத்து. நான் கேக்கறது சின்ன விஷயம். விக்கறவன் என்ன விக்கறோம்னு முழுசா சொல்லணும். "இதுல இருக்கற எத்தனால் உங்க மரபணுவை உடைக்கும், கேன்சர் வரும்"னு தமிழ்ல, பெரிய எழுத்துல. எங்க மாமா எட்டாங் கிளாஸ்தான். ஆனா பேட்டர்ன் அட்டை கிழிஞ்சா என்ன ஆகும்னு அவரைவிட நல்லா தெரிஞ்சவங்க யாரு? யாராவது அவர் பாஷையில ஒரு தடவை சொல்லியிருந்தா... கேட்டிருப்பாரா தெரியல. ஆனா சொல்லவே இல்லையே!

கடைசியா ஒரு நல்ல செய்தி. இதை சொல்லாம முடிச்சா பாவம். குடிய நிறுத்தினா வாய் கேன்சர், உணவுக்குழாய் கேன்சர் வர்ற வாய்ப்பு குறையுதுன்னு அதே புற்றுநோய் முகமை 2023 கடைசியில உறுதியா சொல்லியிருக்குது. எத்தனால் உள்ள போகலைன்னா அதனால வர்ற அசிட்டால்டிஹைடும் இல்ல. ஏற்கனவே கிழிஞ்ச அட்டை எல்லாம் ஒட்டாது. ஆனா புதுசா கிழியாது. செக்கிங் செக்‌ஷனுக்கு மூச்சு விட நேரம் கெடைக்கும். பத்து வருஷம் குடிச்சாச்சு, இனி விட்டு என்ன பிரயோஜனம்னு கேக்கறவங்களுக்கு இதுதான் பதில்.

ஒண்ணு மட்டும் ஜாக்கிரதை. வருஷக்கணக்கா டெய்லி குடிக்கறவங்க திடீர்னு தானா நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வலிப்பு, மனப்பிராந்தி வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மாமா ஒரு தடவை மாலை போட்டுட்டு நிறுத்தினாரு. மூணாவது நாள் வலிப்பு வந்துச்சு. "பாத்தியா, குடிக்காததாலதான் வந்துச்சு"ன்னு சொந்தக்காரங்களே திரும்ப வாங்கிக் குடுத்தாங்க. அது குடிக்காததால வந்தது இல்ல, டாக்டரைப் பாக்காம நிறுத்தினதால வந்தது. அரசு ஆஸ்பத்திரியிலயே மனநலப் பிரிவுல கேட்டா மாத்திரை குடுத்து, படிப்படியா எறக்கி விடுவாங்க. வெக்கப்பட ஒண்ணும் இல்ல. இது நோய். நோய்க்கு டாக்டர்கிட்டதான் போகணும்.

மச்சானுக்கு அன்னிக்கு சொல்ல முடியாததை இப்ப சொல்றேன். டேய் மாப்ள, உங்கப்பா உனக்கு குடுத்த அட்டை நல்ல அட்டைதான்டா. ஒரு நூல் பிசகாம வெட்டின மனுஷன் குடுத்தது. அதை கிழிக்கறதும் கிழிக்காம வச்சுக்கறதும் உன் கையில இருக்குது. தரகர் வாயில இல்ல.

உங்ககிட்டயும் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை யாராவது "அவங்க பரம்பரையே குடிகாரப் பரம்பரை"ன்னு பேச்செடுத்தா, சிரிச்சுட்டு நகந்து போகாதீங்க. நில்லுங்க. "அப்படி ஒரு ரத்தம் கிடையாதுங்க"ன்னு சொல்லுங்க. எங்க ஊட்டு திண்ணையில அன்னிக்கு அதை சொல்ல ஒருத்தர்கூட இல்லைங்க. நானும்தான் சொல்லல.

பி.கு: மச்சான் அதுக்கப்புறம் தொடலைங்க. வேற எடத்துல பொண்ணு பாக்கறாங்க. இந்த தடவை தரகர் வந்தா பேசறதுக்கு நானே லீவு போட்டுட்டு போறதா இருக்கேன் :-)